உன் பேரன் தலைவரானதற்கு

ரங்கூன்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து மாதக்கணக்காகிறது. கரண்டைக் குறை சொல்லலாம் என்றால், பேனாவுக்குக் கரண்டு எதற்கு என்று கேட்பாய். வீட்டில் எல்லோரும் நலம். பீலிக்கான் முனீஸ்வரனுக்கு உன் பெயரில் அர்ச்சனை செய்தாயிற்று. காசு நீதான் தர வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேரன் கல்லூரி ஸ்ட்ரைக்கை நடத்தித் தலைவராகிவிட்டான், கட்சிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து பேசிவிட்டுப் போனார் என்று எழுதியிருந்தாய். எழுத்திலேயே மீசை முறுக்கியிருந்தது. பாதி நாள் பெஞ்சு மேல் நின்றவன் வம்சத்தில் ஒரு மந்திரியா! சந்தோஷம்தான். ஆனால் அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஊ நூ ஞாபகமாகவே இருக்கிறது.

உன் அப்பா கடையில் படம் மாட்டியிருந்தாரே, சுதந்திர பர்மாவின் முதல் பிரதமர், அந்த ஊ நூதான். பள்ளித் தலைமையாசிரியராக இருந்த மனிதர், சட்டம் படிக்க ரங்கூன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்து மாணவர் சங்கத் தலைவரானார். நிர்வாகத்தைத் தாக்கிப் பேசினார் என்று 1936-இல் வெளியே அனுப்பினார்கள். சங்கத்தின் ‘ஓவே’ பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையை எழுதியது யார் என்று சொல்ல மாட்டேன் என்றதற்காக அதன் ஆசிரியர் ஆங் சானுக்கும் அதே கதி. பிள்ளைகள் தேர்வைத் தூக்கிப் போட்டுவிட்டு ஷ்வேடகோன் பகோடா அடிவாரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தேர்வைத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று.

பின்னாளில் சுதந்திரப் போராட்டத்தின் தலைவரான ஆங் சானை 1947 ஜூலை 19-ஆம் தேதி செகரட்டேரியட்டில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். 32 வயது. அவரைக் குறை சொல்ல இங்கே யாருக்கும் வாய் வராது. சுதந்திர நாட்டை ஆளும் முன்பே போய்விட்டார். 1948 ஜனவரியில் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தது நூ. கம்யூனிஸ்டுகள் கலகம், கரேன் இனத்தவர் கலகம், மறு வருடமே ரங்கூனை ஒட்டிய இன்செயின் வரை வந்துவிட்ட சண்டை, எல்லாம் அவர் தலையில்தான் விழுந்தது.

எனக்கு உறுத்துவது 1953. அக்டோபர் விடுமுறையில் அரசாங்கம் கை வைத்ததை எதிர்த்து அதே பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கிளம்பினார்கள். போலீஸை அனுப்பி அடக்கியது நூவின் அரசாங்கம்! அந்தச் செய்தி மேஜைக்கு வந்தபோது மனிதர் என்ன நினைத்திருப்பார்? ‘நாங்கள் செய்தது வேறு, இந்தப் பயல்கள் செய்வது வேறு’ என்றுதான் தேற்றிக்கொண்டிருப்பார். உன் அப்பாவிடம் இதைக் கேட்டிருந்தால் செருப்பைத் தூக்கியிருப்பார்.

அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1960 தேர்தலில் ஜெயித்து வந்தவரை 1962 மார்ச்சில் ராணுவம் பிடித்து உள்ளே போட்டது. ஜூலையில் மாணவர்களைச் சுட்டார்கள்; மறுநாள் காலையில் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். நூவும் ஆங் சானும் உட்கார்ந்து பேசிய கட்டடம். அப்புறம் அரசாங்கம் நம் கடைகளைப் பிடுங்கிக்கொண்ட கதை உனக்குத் தெரியும், அதனால்தான் நீ வியாசர்பாடியில் இருக்கிறாய். இன்றைய கதையை நான் எழுதப் போவதில்லை. ஏன் என்று கேட்காதே.

பேரனோடு ஸ்ட்ரைக்கில் உட்கார்ந்த மற்றப் பையன்களுக்குத் தேர்வு எழுத அனுமதி கிடைத்துவிட்டதா? விசாரித்து எழுது. அது முடிகிற வரை கட்சிக்காரர் வீட்டுக் காபியை அவன் குடிக்க வேண்டாம். அடுத்த மாதம் கறுப்பனின் மருமகன் சென்னைக்கு வருகிறான், நம்மூர்த் தேயிலை ஊறுகாய், லாஃபெட், கொடுத்தனுப்புகிறேன். அவனிடம் ஒரு பஞ்சாங்கம் கொடுத்துவிடு. போன தடவை மாதிரி பழையதாக வேண்டாம்.

உன்,
ராசு