எடைக்குப் போடும் முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்

தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக ஹோட்டலும் லாட்ஜும் நடத்திவரும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய காகிதக் கட்டுகளை அப்படியே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நான் கேட்க வந்தது இது ஒன்றைத்தான்.

பழைய புரோஷர், கட்டண அட்டை, சாப்பாட்டு டோக்கன், பெட்டியில் ஒட்டும் லேபிள் என்று பயணக் காகிதம் எது கிடைத்தாலும் சேர்த்து வைப்பவன் நான். என்னிடம் சென்னை ஹோட்டல் ஒன்றின் மூன்று மடிப்புப் புரோஷர் இருக்கிறது. எந்த ஆண்டு அச்சிட்டது என்று எங்கும் போடவில்லை. ஆனாலும் காகிதமே சொல்லிவிடுகிறது. அறை வாடகை ரூபாயிலும் நயா பைசாவிலும் இருக்கிறது. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில்; 'நயா' கழன்றுபோனது 1964 ஜூனில். ஆக, இடைப்பட்ட ஏழு வருடங்களில் எப்போதோ அடித்தது. முகவரி 'மெட்ராஸ்-2' என்று முடிகிறது, பின்கோடு வர 1972 ஆக வேண்டியிருந்ததே! தந்தி முகவரிக்குத் தனி வரி. வெந்நீருக்குத் தனிக் கட்டணம். கடைசி மடிப்பில், கொழும்பிலிருந்து வருபவர்களை அழைத்துவர எழும்பூர் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புவோம் என்று ஒரு குறிப்பு. தலைமன்னாரிலிருந்து கப்பலில் தனுஷ்கோடி வந்து, அங்கே ரயில் ஏறிச் சென்னை வந்தவர்களுக்காக எழுதியது அது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. அந்தப் பயணிகளை நம்பி நம் ஊரில் ஒரு ஹோட்டல் ஆள் வைத்திருந்தது என்பதை எனக்குச் சொன்னது இந்த ஒரு தாள்தான்.

உங்கள் கட்டுகளிலும் இப்படி ஏதாவது இருக்கும். கிடைத்தால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். ஒருமுறை செய்தால் பிரிக்கவே முடியாது. கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டினால் பசை ஊறி மஞ்சளாகிவிடும். துருப்பிடித்த பின்னை மட்டும் மெதுவாக எடுத்துவிட்டு, தெரிந்த விவரத்தைப் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள், போதும். தங்கியவர்களின் பதிவேடு வேறு விஷயம். அதில் பிறர் பெயரும் முகவரியும் இருப்பதால் வெளியே கொடுக்க வேண்டாம்.

வைக்க இடமில்லையா? நூலகங்களைக் கேட்டுப் பாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நிற்காமல் அழைப்பிதழ்களையும் நோட்டீஸ்களையும்கூடச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பிலிருந்து 1994-இல் பிறந்த நூலகம் இன்று தரமணியில் இருக்கிறது. முதலில் அங்கே ஒரு போன் செய்து கேட்கலாம்.

அப்புறம், இன்னொரு சின்ன வேண்டுகோள். இப்போது கட்டண விவரமெல்லாம் வாட்ஸ்அப்பில் படமாகத்தான் போகிறது. வருடத்துக்கு ஒன்றையாவது தாளில் அச்சிட்டு, ஒரு மூலையில் ஆண்டைப் போட்டு ஃபைலில் வையுங்கள்.

அன்புடன்,
பழைய பயணக் காகிதங்களைச் சேர்ப்பவன்