ஆய்வேடு இருக்கிறது, தரவு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஐயா பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்துப் பேரேடுகளை ஆய்வு மாணவர் ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து படமெடுத்துச் சென்றார். பேரேடுகளைக் கரையான் அரித்த பிறகு படங்களைக் கேட்டபோது, மடிக்கணினி பழுதானதோடு அவையும் போயின என்றும், துறையில் நகல் இல்லை என்றும் பதில் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 முதலான விதிமுறைகளால் ஆய்வேடுகள், அவற்றை இணையத்தில் சேமித்து வைக்கும் சோத்கங்கா தளத்துக்குச் செல்கின்றன. அவற்றுக்கு ஆதாரமான தரவோ பெரும்பாலும் ஆய்வாளரின் பென்டிரைவோடு நின்றுவிடுகிறது.

மூன்று நகல்கள், இருவகைச் சேமிப்புச் சாதனங்கள், ஒரு நகல் வேறிடத்தில் என்னும் எளிய நடைமுறையையும், எங்கே, எப்போது, யாருடைய இசைவோடு திரட்டியது என்ற குறிப்பையும் பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பதிவின்போதே கட்டாயமாக்க வேண்டும். கடன்பட்டோர் பெயருள்ள பக்கங்களை (எங்கள் பேரேட்டிலும் இருந்தன) அனுமதி பெற்றோர்க்கு மட்டுமே காட்டுவது முறை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி.