அந்தப் பழைய சிவப்பு

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதாமல் இருந்ததற்குத் திட்டாதே, காரணம் கீழே வருகிறது. அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. வீம்புக்கு மாடிப்படி ஏறப் போகிறார், விடாதே. இங்கே எல்லோரும் சுகம். பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் அப்படியே பாட்டி சாயல் என்கிறார் மருமகன். பாராட்டா கேலியா, தெரியவில்லை.

போன மாதம் பரண் மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். அடியில் என்ன கிடைத்தது தெரியுமா? நம்முடைய மேசை விரிப்பு! பதினொன்றாம் வகுப்பில், இழை எண்ணித் தைக்க வசதியாகக் கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் ஆரம்பித்தோமே, மூலைக்கு ஒரு ஜோடிக் கிளி. நீ இரண்டு மூலை, நான் இரண்டு மூலை. உன்னுடையது முடிந்திருக்கிறது. என் கடைசி மூலையில் ஒரு கிளிக்கு மூக்கும் கழுத்து வளையமும் இல்லை. கூடவே பாதி தீர்ந்த ஒரு சிவப்பு நூல்கண்டு, ஆங்கர் பிராண்டில் 46ஆம் நிற எண், காகிதப் பட்டையோடு. பட்டையில் ‘மதுரா கோட்ஸ்’ என்று பார்த்ததும் உன் ஞாபகம்தான். உங்கப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்ததால், ஊரில் விற்கிற நூலெல்லாம் அவர் நூற்றது என்று பெருமையடிப்பாயே.

சரி, மூக்கை முடித்துவிடலாம் என்று, எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் மைதானத்தில் நடந்த கைவேலைக் கண்காட்சிக்குக் கிளம்பினேன். ஒரே ஒரு சிவப்பு நூல், வேறெதுவும் வாங்குவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

உள்ளே நுழைந்தால் பாதிக் கடை, கொக்கி ஊசியால் போடுகிற ஆரி வேலைக்குத்தான். ஜாக்கெட்டுக்கு ஆரி போடாத கல்யாணமே இப்போது இல்லையே. ஜர்தோசி என்கிற ஜரிகைக் கம்பிச் சுருளை நகைக்கடை மாதிரி கிராம் கணக்கில் எடை போடுகிறார்கள். பாசி, ஜமிக்கி, குந்தன் கல், அதை ஒட்டப் பசை. கல்லை ஒட்டுவதை நான் தையலில் சேர்க்க மாட்டேன். நம் தையல் டீச்சர் பார்த்திருந்தால் ஸ்கேலோடு வந்திருப்பார்.

நூல் கடையில் அதே 46ஆம் எண் கிடைத்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒட்டவே இல்லை. புதியது குங்குமம் மாதிரி பளீரென்று இருக்கிறது, நம்முடையது நாற்பது வருஷத்தில் செங்கல் பக்கம் போய்விட்டது. டியூப் லைட் வெளிச்சத்தில் நிறம் பார்க்காதீர்கள் என்று கடைக்காரப் பெண்ணே என்னை வெயிலுக்கு அழைத்து வந்தாள். ஏழெட்டுக் கண்டுகளைத் துணிமேல் வைத்துப் பார்த்தோம். ஒன்று கூடுதல், ஒன்று குறைச்சல். கடைசியில் அவள்தான் வழி சொன்னாள். ஒரு கண்டு நூலில் ஆறு இழை. நாம் தைப்பது இரண்டு இழையில். 46இலிருந்து ஓர் இழை, மங்கலான செங்கல் நிறத்திலிருந்து ஓர் இழை, இரண்டையும் ஒரே ஊசியில் கோர்த்துத் தைத்தால் கண் இரண்டையும் கலந்துகொள்ளும். அங்கேயே துணி ஓரத்தில் நாலு தையல் போட்டுக் காட்டினாள். கையெடுத்துக் கும்பிடாத குறை.

அப்புறம் ஊட்டித் தோடர்களின் கடை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். பென்சில் கோடு கிடையாது, அச்சு கிடையாது. துணியின் இழையை எண்ணி எண்ணி, மனசில் இருக்கிற கணக்கில் ஊசி போகிறது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை. நான் என்னையறியாமல் சால்வையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன், டீச்சர் செய்வாரே, அது மாதிரி. அங்கிருந்த அம்மா சிரித்துவிட்டார். “ரெண்டு பக்கமும் போர்த்தலாம்” என்றார். நம் விரிப்பின் பின்பக்கம் எனக்கு ஞாபகம் வந்தது. உன் மூலைகளில் முடிச்சே தெரியவில்லை. என் மூலையில் ஒரு கிளியிலிருந்து இன்னொரு கிளிக்கு நூல் மின்கம்பி மாதிரி தாவியிருக்கிறது. நாற்பது வருஷம் கழித்து ஒத்துக்கொள்கிறேன், நீதான் ஒழுங்காகத் தைத்தாய்.

சால்வை வாங்கவில்லை, விலை கட்டவில்லை. பேரம் பேசவும் மனசு வரவில்லை, எத்தனை நாள் உழைப்பு அது. ஆனால் பை நிறைந்துதான் வீடு வந்தேன். என்ன என்று இவர் கேட்கவில்லை, பையைப் பார்த்துவிட்டுப் பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

உனக்கு ஒரு பார்சல் அனுப்புகிறேன். ஒன்றரை மீட்டர் மேட்டித் துணி, பச்சை நூல் நாலு கண்டு, மழுங்கின முனை ஊசி 24ஆம் எண்ணில் ஒரு பாக்கெட். எண் கூடக் கூட ஊசி சன்னமாகும், மறந்திருக்க மாட்டாய். கூடவே பெண் தலை பொறித்த குட்டித் தகடு ஒன்று, நூல் கோர்க்க. கண்ணாடி போட்டும் ஊசிக் காது தெரியவில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்கு.

கிளியின் மூக்கை முடித்துவிட்டேன். கழுத்து வளையம் பாக்கி. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது விரிப்பைக் கொண்டு வருகிறேன், வளையத்தை நீயே போடு. என் பக்கத்துப் பின்புறத்தை மட்டும் திருப்பிப் பார்க்காதே.

அம்மாவிடம் கேட்டதாகச் சொல். மாவடு ஊறுகாய் இருந்தால் யாராவது சென்னை வரும்போது கொடுத்துவிடு.

அன்புடன்,
வள்ளி