டிக்கெட்டுக்கு முன் வற்றுப்பெருக்கு அட்டவணை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் அக்கரைப்பற்று வாசகர் ஒருவர், மார்கழி விடுமுறையில் நான்கைந்து நாள் தாய்லாந்து சென்று கரண்டிமூக்கு உள்ளான் என்ற அரிய கரைப்பறவையைப் பார்த்துவர முடியுமா என்று கேட்டிருந்தார். கீழே வந்திருந்த பதில், மலிவான டிக்கெட் கிடைக்கும் திகதியைப் பிடியுங்கள், பாங்கொக்கோடு வடக்கே உள்ள சியாங் மாய் நகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது. நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அந்த வழியில் போனால் விகாரைகளையும் கடைத்தெருவையும் பார்த்துவிட்டு வரலாம். இந்தப் பறவை கண்ணில் படுவது சந்தேகம். போன மாரியில் தங்கையுடன் இந்தப் பறவை வரும் தாய்லாந்து உப்பளங்களுக்குப் போய்வந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பறவை சிட்டுக்குருவியை விடச் சற்றுத்தான் பெரிது. "இதற்கா விமான டிக்கெட்?" என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையான சுக்கோட்காவில் குஞ்சு பொரித்து, ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் பறந்து தென்கிழக்கு ஆசியாவின் சேற்றுக் கரைகளுக்கு வருகிறது. உலகிலேயே சில நூறுதான் மிஞ்சியிருக்கின்றன. வழியில் இளைப்பாறும், சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலின் சேற்றுத் திடல்களை நிரப்பிவிட்டார்கள். தென்கொரியாவில் சேமங்கும் என்ற இடத்தில் மட்டும் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவரின் கடைசி இடைவெளி 2006இல் அடைக்கப்பட்டது. மியன்மாரில் கண்ணி வைத்துப் பிடித்ததும் இன்னொரு காரணம்.

இதைத் தேடுவோர் போகும் இடம் பெட்சபுரி மாகாணத்தின் பாக் தலே உப்பளம். பாங்கொக்கில் இருந்து வாகனத்தில் இரண்டு மணித்தியாலம் அளவில் போய்விடலாம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து பாங்கொக்குக்கு மூன்றரை மணித்தியாலம். களுவாஞ்சிக்குடியில் இருந்து கட்டுநாயக்கவுக்கு பஸ்ஸில் போவதுதான் இந்தப் பயணத்தின் நீண்ட பகுதி.

இனி முக்கியமான விடயம். நம் கரையில் வற்றுப்பெருக்கு, அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்கும் அளவு, ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. வாவியின் நீர்மட்டம் ஏறுவதும் இறங்குவதும் மழையாலும், முகத்துவாரம் வெட்டுவதாலுந்தான் என்று பழகிப்போனவர்கள் நாம். அதனால் கடலின் நேரம் பார்த்துப் பயணத் திகதி குறிக்க வேண்டும் என்பது நமக்குத் தோன்றவே தோன்றாது. தாய்லாந்து வளைகுடாவின் மேற்பகுதியில் கதை வேறு. நீர் வற்றும்போது சேறு வெகுதூரம் திறந்துகொள்கிறது, உள்ளான்கள் எல்லாம் இரை தேடி அங்கே போய்விடுகின்றன. நீர் பெருகிச் சேற்றை மூடும்போதுதான் அவை கரையேறி உப்பளப் பாத்திகளுக்கு வருகின்றன. வற்றும் நேரத்தில் நீங்கள் பாத்தி வரம்பில் நின்றால் வெறும் தண்ணீரையும் உப்புக் குவியலையும் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

காலை பத்து மணிக்குள் கானல் எழுந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் எத்தனை விலையுயர்ந்த தொலைநோக்கியில் பார்த்தாலும் எல்லாம் நெளிகிறது. ஆக, பெருக்கு விடிகாலையில் வரும் நாட்கள் வேண்டும். பெருக்கு நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போவதால் மாதத்தில் எல்லா நாளும் பொருந்தாது. வற்றுப்பெருக்கு அட்டவணையை முதலில் எடுங்கள், நாளைக் குறியுங்கள், பிறகு டிக்கெட் விலையைப் பாருங்கள். சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. பருவத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: நமக்கு இங்கே அடைமழை கொட்டும் மார்கழியில் அங்கே வறண்ட காலம், பறவையும் இருக்கும்.

அடுத்தது, புறப்படும் முன் இங்கேயே கண்ணைப் பழக்குவது. குளிர்காலத்தில் இது சாம்பலும் வெள்ளையுமாகவே இருக்கும், சூழ நிற்கும் செங்கழுத்துக் கொசு உள்ளான் என்ற சிறு கரைப்பறவைகள் நூற்றுக்கணக்கானவையும் அப்படியே. பெயரை நம்பி மூக்கைத் தேடினால் ஏமாற்றம்தான். பக்கவாட்டில் பார்த்தால் கரண்டி தெரியாது, சாதாரணக் கறுப்பு மூக்காகவே தெரியும். நம் பக்கம் தலையைத் திருப்பும் ஒரு கணத்தில்தான் நுனியின் அகலம் தெரியும். நடத்தைதான் முதலில் காட்டிக்கொடுக்கிறது. மற்றவை ஓடியோடிக் கொத்தும்போது, இது மூக்கைத் தண்ணீரில் இருந்து எடுக்காமல், தும்புத்தடியால் முற்றம் கூட்டுவதுபோல் இருபுறமும் அசைத்தபடி முன்னேறும். தங்கைதான் முதலில் கண்டாள். பொத்துவில் களப்பு ஓரத்திலும் வாகரைப் பக்கமும் நம் கொசு உள்ளான்களைச் சலிக்கச் சலிக்கப் பார்த்திருந்ததால்தான் அந்த ஒன்று வேறு என்று அவளுக்குப் பட்டது. அக்கரைப்பற்று வாசகருக்குப் பொத்துவில் எட்டும் தூரந்தானே.

சியாங் மாய் வேண்டாம். மீதி நேரத்துக்கு அதே மாகாணம் போதும். பாக் தலேக்குச் சற்றுத் தெற்கே லேம் பக் பியாவில் படகில் மணல்திட்டுக்குப் போனால் மலேய உப்புக்கொத்தி என்ற இன்னொரு கரைப்பறவையைப் பார்க்கலாம். காடு வேண்டுமென்றால் கேங் கிராச்சான் தேசிய பூங்கா இருக்கிறது. 2021இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடம். ஆனால் உப்பளத்துக்கு இரண்டு காலைகளை ஒதுக்கிய பிறகே காட்டை நினையுங்கள்.

நம் குமண பறவைகள் சரணாலயம் இருக்க வெளிநாடு எதற்கு என்று கேட்போரும் உண்டு. குமணவுக்கு நான் எத்தனை முறையும் போவேன். அங்கே போய் இந்த உள்ளானுக்குக் காத்திருக்க முடியுமா?

முக்காலியோடு தொலைநோக்கி வாங்கக் கடன்பட வேண்டாம். அங்குள்ள வழிகாட்டிகள் கொண்டுவருவார்கள், முன்கூட்டியே கேட்டு உறுதிப்படுத்துங்கள். பாத்திகள் உப்பு விளைவிப்போரின் பிழைப்பு, வரம்பை விட்டு இறங்கக்கூடாது. அக்கரைப்பற்று வாசகர் போய்வந்தால் உங்கள் பத்திரிகைக்கு எழுதட்டும். எத்தனை மணிக்குப் பெருக்கு, எந்தப் பக்கத்துப் பாத்தி என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
களுவாஞ்சிக்குடி.