கால்கட்டு

திருவாரூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள சிநேகிதா,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். "சின்னவனுக்கும் ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டால் நிம்மதி" என்று கடைசியில் ஓரமாக நுணுக்கி எழுதியிருக்கிறாய். கல்யாணச் செய்தியை இப்படியா சொல்வது! பத்திரிகை அடித்ததும் அனுப்பு, இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறேன்.

பேத்தி இங்கிலீஷில் 'இம்பீட்' (impede) என்றால் என்ன என்று கேட்டாள், 'தடுத்தல்' என்று சொல்லிவிட்டேன், சரிதானே என்று கேட்டிருந்தாய். பாதி சரி. முழுப் பதில் நீ ஓரத்தில் எழுதிய அந்த வரியில்தான் இருக்கிறது. லத்தீனில் பாதத்துக்கு 'பெஸ்'. அது 'பெட்' என்று உருமாறித்தான் சைக்கிள் பெடலிலும், நடந்து போகிறவனைச் சொல்லும் பெடஸ்ட்ரியனிலும் நிற்கிறது. 'இம்பெடிரே' என்றால் காலைச் சிக்கவைப்பது. அசல் கால்கட்டு! கட்டை அவிழ்த்துவிட்டால் 'எக்ஸ்பெடிரே'. ஆபீசில் முப்பது வருஷம், சீக்கிரம் முடியுங்கள் என்பதற்கு 'கைண்ட்லி எக்ஸ்பெடைட்' என்று எழுதித் தள்ளினாயே, 'தயவுசெய்து காலை அவிழ்த்துவிடவும்' என்றுதான் அத்தனை பேரையும் கேட்டிருக்கிறாய்.

ரோமானியப் படையில் மூட்டைமுடிச்சுகளுக்கே 'இம்பெடிமெண்டா' என்றுதான் பெயர். கூடாரம், திருகைக்கல், அவற்றைச் சுமக்கும் கோவேறு கழுதை எல்லாம் அதில் சேர்த்தி. மாரியஸ் என்ற தளபதி இந்தச் சுமைவரிசையைக் குறைக்கப் பார்த்து, சாமான்களைச் சிப்பாய்களின் தோளிலேயே ஏற்றிவிட்டான். அவர்களுக்கு 'மாரியஸின் கோவேறு கழுதைகள்' என்று பட்டப்பெயர் விழுந்தது. காசிக்குப் போனபோது ஊறுகாய் ஜாடி முதற்கொண்டு கட்டிக்கொண்டு வந்தீர்களே, அன்றைக்கு இந்தக் கதை தெரியாமல் போயிற்று எனக்கு.

கால் கட்டிய மாடு நின்றுவிடுவதில்லை, கவனித்திருக்கிறாயா? ஊர் மேயப் போகும் மாட்டுக்குக் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிடுவார்கள். அது முன்னங்காலில் இடிக்க இடிக்க, மாடு மேய்ந்துகொண்டேதான் இருக்கும், ஓட மட்டும் முடியாது. 'இம்பீட்' அதுதான். போக்கு உண்டு, வேகம் இல்லை. அடியோடு நிறுத்துவதற்கு அவர்களிடம் 'பிரிவெண்ட்' தனியாக இருக்கிறது. நம் 'தடை' இரண்டுக்கும் பொது. உன் தொழிலிலேயே பார், பௌதிகப் புத்தகத்தில் மின்தடை என்றால் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துவது. பேப்பரில் 'நாளை மின்தடை' என்றால் ஃபேனே சுற்றாது! டிரான்ஸ்பார்மர் தகட்டில் பொறித்திருக்கும் 'இம்பீடன்ஸ்', அதாவது மாறுமின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் அளவு, அந்தச் சொல்லை ஹெவிசைடு என்ற இங்கிலாந்து விஞ்ஞானி 1886இல் உண்டாக்கினார். மனிதர் யோசித்துத்தான் எடுத்திருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு ஞானத்தால் வந்ததில்லை, பட்டு வந்தது. போன வருஷம் பக்கத்துத் தெருவில் ஒருவர் தன் பழைய இங்கிலீஷ் பத்திரத்தைத் தமிழாக்கித் தரச் சொன்னார். அவர் கொல்லைக்குப் போக அடுத்த வீட்டு மனை வழியாக வண்டிப்பாதை பாத்தியம். அந்தப் பாதையை 'இம்பீட்' செய்யக் கூடாது என்று அதில் இருந்தது. நானும் 'தடுக்கக் கூடாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் மாதம் அடுத்த வீட்டுக்காரர் பாதையில் பாதியை அடைத்துச் செங்கல் அடுக்கினார். கேட்டதற்கு என் தமிழையே நீட்டுகிறார்: "நான் எங்கே தடுத்தேன்? நடந்து போகலாமே, சைக்கிள்கூடப் போகுமே." போகத்தான் போகிறது. ஹேண்டில்பாரைச் சாய்த்து, முழங்கையைச் செங்கல்லில் தேய்த்துக்கொண்டு போகலாம்.

'இடையூறு' என்று எழுதியிருக்க வேண்டும். 'போக்குவரத்துக்கு இடையூறாக' என்று போலீஸ்காரர்கள் அன்றாடம் எழுதுகிறார்கள், எனக்கு அன்றைக்கு ஓடவில்லை. பேச்சில் சொல்வதானால் 'இடைஞ்சல்', அது இன்னும் பொருத்தம். பேத்தியிடம் இதைச் சொல். இன்னொன்று, 'இம்பீட்' போட்டால் பின்னால் 'ஃப்ரம்' வராது. மழை வேலையை இம்பீட் செய்தது, அவ்வளவுதான். 'வேலை செய்வதிலிருந்து' என்று இழுத்தால் அங்கே 'பிரிவெண்ட்' வந்து உட்கார வேண்டும்.

'முட்டுக்கட்டை' என்று எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறாய். பேப்பர்காரர்கள் எழுதுகிறார்கள், நான் எழுத மாட்டேன். ஆழித்தேர் ஊரில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை வசவாகப் பயன்படுத்த மனசு வரவில்லை. இப்போது தேருக்குத் திருச்சி பெல் ஆலை செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. இருந்தாலும் முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி வருவார். மூலை வந்ததும் கட்டையைச் சரியாக ஒரு ஓரத்தில் செருகுவார். சக்கரம் அதில் ஏறி, முனகி, அத்தனை பெரிய தேர் மெல்ல முகத்தைத் திருப்பும். அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் நேரே யாருடைய திண்ணைக்குள்ளாவது போய் நிற்கும். அதைப் போய் இடைஞ்சல் என்பதா?

பத்திரத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன், காசு வாங்கவில்லை. பஞ்சாயத்துப் பேசி, செங்கல்லை எடுத்துவிடுவதாக அடுத்த வீட்டுக்காரரும் ஒப்புக்கொண்டார். எடுக்கப் போன அன்று பார்த்தால், அடுக்கின் இடுக்கில் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. கண் திறந்து நடமாடுகிற வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். பாத்தியக்காரர் இன்னமும் ஹேண்டில்பாரைச் சாய்த்துக்கொண்டுதான் போகிறார்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். முகூர்த்த நாள் குறித்ததும் எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்