ஞாயிறு மாலை: டோனி அயோமி

உறுப்பினர்களுக்கு வணக்கம். இந்த ஞாயிறு நாம் கேட்கப்போவது பிளாக் சபாத் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியை.

பர்மிங்காமில் ஓர் உலோகத் தகடு ஆலை. அங்கே அவருக்கு அதுதான் கடைசி வேலைநாள், வயது 17. இயந்திரம் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. இடக்கையர் ஆயிற்றே, தந்தியை அழுத்தும் கை அதுதான்! பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்து, மேலே தோலை ஒட்டிக்கொண்டார். அழுத்த எளிதாக மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் சுருதியையும் இறக்கினார்; ஒலி கனத்தது.

விபத்துதான் ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசையைப் பெற்றது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெற்றது அவருடைய பிடிவாதம்.

1971இல் வந்த, குழுவின் மூன்றாவது ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யை முன்பே கேட்டுவிட்டு வாருங்கள். தயவுசெய்து ஹெட்போனில், கைப்பேசி ஒலிபெருக்கியில் அந்தக் கனம் கேட்காது.