சுங்குடின்னு சொல்லி பிரின்ட் சேலை அனுப்புனது பத்தி, அஞ்சாவது மெயில்

கஸ்டமர் கேருக்கு வணக்கம்.

அந்த மெரூன் சேலை நாலு பீஸ் விஷயமாத்தான் திரும்பவும் எழுதுறேன், ஆர்டர் நம்பரு பழைய மெயில்ல இருக்கு, எடுத்துப் பாத்துக்கங்க. "கைமுடிச்சு மதுரை சுங்குடி"ன்னு நீங்கதான் போட்ருந்தீங்க, வந்தது மொழுமொழுன்னு பிரின்ட்டு.

நான் திருநகர்ல தையல் கடை வச்சிருக்கேன். நூல் முடிச்சுப் போட்டு சாயத்துல முக்குன துணின்னா, அவுத்ததுக்கப்புறம் புள்ளி ஒவ்வொண்ணும் கடுகு வச்ச மாதிரி தூக்கிட்டு நிக்கும், கண்ண மூடிட்டுத் தடவுனாலே தெரியும். ஒண்ணு சிறுசா ஒண்ணு கோணலா இருக்கும், சாயம் ரெண்டு பக்கமும் ஏறிருக்கும். உங்க சேலையில அம்புட்டும் காம்பஸ் வச்ச மாதிரி ஒரே வட்டம், திருப்புனா வெளுத்துக் கெடக்கு. அந்தச் சுருக்கத்துக்குத்தாங்க கூடக் காசு குடுத்தேன், சேலைய வெட்டி யோக்குலயும், அதாங்க கழுத்துக்குக் கீழ வர்ற பட்டையிலயும், கையிலயும் அத வச்சு மிச்சத்துக்கு பிளெயின் காட்டன் குடுத்தாத்தான் குர்த்தி எடுப்பா இருக்கும், இதுல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். பிரின்ட்டுதான் வேணும்னா விளக்குத்தூண்ல பாதி வெலைக்கு வாங்கிருப்பேனே. மதுரையில இருந்துட்டு சுங்குடிய ஆன்லைன்ல வாங்குனியாக்கும்னு வீட்டுக்காரர் கேக்குறாரு, அது வேற.

போன்ல ஒரு தம்பி, "கிழிஞ்சிருக்கா? கலர் மாறிருக்கா? இல்லேல்ல, சேலைய தடவிப் பாத்தா மேடம் கட்டுவாங்க"ன்னு சிரிக்கிறாரு. ஆமாங்க, தடவிப் பாத்துத்தான் வாங்குவோம், போன்ல தடவ முடியாதுன்னுதான் நீங்க எழுதுனத நம்புனேன்! மாட்டுத்தாவணி ஆபீஸ்ல நேர்ல குடுங்கன்னதும் அவருதான், ரெண்டு பஸ் மாறி வெயில்ல போனா "ரிட்டர்ன் கோடு வரலக்கா"ன்னு அனுப்பிட்டாங்க, அன்னிக்குக் கடை பூட்டு. இப்ப ரிட்டர்ன் பண்ற ஏழு நாள் தாண்டிருச்சாம். நான் மூணாவது நாளே கூப்புட்டேன்யா! ஒரு கல்யாண ஆர்டர் கைவிட்டுப் போச்சு, இருபது வருசமா சேத்த பேரு பூராம் போச்சு, அதுக்கு யாரு பதில் சொல்றது?

தயவுசெஞ்சு 7,600 ரூபாயத் திருப்பிப் போட்டு, ஆள் அனுப்பி பார்சல எடுத்துக்கங்க, உங்ககிட்ட எனக்கு வேற சண்டையில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்குக் கூப்புட்டு நுகர்வோர் கோர்ட்டு வரைக்கும் போவேன். புவிசார் குறியீடு வாங்குன பேருங்க அது, அத பிரின்ட்டு துணியில ஒட்டலாமான்னு அங்க வந்து சொல்லுங்க.

அந்தத் தம்பி மட்டும் கூப்புட வேணாம். சேலை நாலும் கவரோட இருக்கு, ஒண்ணுல மட்டும் முந்தானைய பிரிச்சுப் பாத்தேன், அதுக்கு ஒரு காரணம் சொல்லிறாதீங்க.